தவளைக்கு வைத்த விளக்கு

தோட்டத்து விளக்கு வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு, இன்ஸ்பெக்டரம்மா. பொம்மையை ஒட்டியே விளக்கைக் குத்திவிடுவார்கள். வயிறு மட்டும் வெளுத்துப்போய் முகம் இருட்டாகிவிடும். ஒரு முழம் தள்ளி, சாய்த்து வைக்க வேண்டும். எங்கள் ஆமை, கொக்கு, தவளை மூன்றுக்கும் அப்படித்தான் வைத்தேன். எல்லாம் சோலார் விளக்கு, பொழுது சாய்ந்ததும் தானாக எரியும். ஒயர் கிடையாது, பிடுங்கி எங்கு வேண்டுமானாலும் நடலாம்.

என் கணவருக்கு மாலைக்கண். இருட்டினால் வெளிச்சம் விழுகிற பொருள்தான் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. அதனால் இருட்டியபின் எங்கே போனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார். "என் கண்ணாடி எங்க போச்சு?" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். அவர் கண்ணாடி போடுவதே இல்லை, என்னைத்தான் அப்படிச் சொல்வார். அடுப்பில் எது தீய்ந்தாலும் விட்டுவிட்டு ஓடுவேன். வாய் சலித்துக்கொள்ளும், மனசுக்குப் பிடிக்கும்.

விளக்குகளை வாங்கி அனுப்பியது மகள். "அம்மா பாவம், கொஞ்சம் மூச்சு விடட்டுமே" என்றாளாம். நான் கேட்டேனா? இருந்தாலும் நட்டுக் கொடுத்தது நான்தான். ஆமையைப் பார்த்து நடந்து, கொக்கைத் தாண்டி, தவளையின் தலையைத் தொட்டால் பக்கத்தில் பெஞ்ச். சீக்கிரமே பழகிவிட்டார்.

"நீ உக்காந்து டிவி பாரு. நானே போயிட்டு வந்துடறேன்."

மனுஷருக்கு அவ்வளவு குஷி. "என்னடா, இன்னும் இங்கயேதான் இருக்கியா?" என்று ஆமையிடம் பேசுவது சமையலறை வரை கேட்கும். என்னிடம் பேச மட்டும் ஒன்றும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மண் பொம்மைகள் மேல் பொறாமையா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சைத் தாண்டினால் மீன் தொட்டி. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிக் கட்டியது. தண்ணீர் முழங்கால் அளவுதான். அன்று மத்தியானம் தவளையைத் தூக்கித் தொட்டியின் அந்தப் பக்கம் வைத்து, விளக்கையும் அங்கேயே நட்டேன். தண்ணீரில் வெளிச்சம் விழுந்தால் அழகாக இருக்கும் என்று நினைத்ததாக உங்கள் ஆளிடம் சொன்னேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக வைக்கவில்லை. அவர் விழ வேண்டும் என்றுதான் வைத்தேன். சாக வேண்டும் என்றில்லை. கால் பிசகினால் போதும், கொஞ்ச காலம் என் தோளைப் பிடித்து நடப்பார் என்று கணக்குப் போட்டேன்.

பொழுது சாய்ந்தது. ஆமையிடம் பேசினார், கொக்கைத் தாண்டினார், தவளையைப் பார்த்து நேராக நடந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன்.

இடுப்பெலும்பு முறிந்ததால் எழுந்திருக்க முடியவில்லை, விளிம்பைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்திருக்கிறார், கை தளர்ந்த பிறகுதான் மூழ்கியிருக்கிறார் என்று டாக்டர் சொன்னாராமே. அவர் சொன்னது சரி. பின்வாசல் கதவும் திறந்துதான் இருந்தது.

ஏன் உடனே போகவில்லை என்று கேட்கிறீர்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகளை இல்லை, பக்கத்து வீட்டுக்காரரை இல்லை, என்னை. அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாகிவிட்டது தெரியுமா? நான் போயிருந்தால் நிறுத்தியிருப்பாரே, அம்மா.