ஈனோவின் குளத்தில் மூழ்கிய ரொட்டி

பார்லி மாவை அதிகம் பிசையக் கூடாது, ஐயா. பிசைந்தால் ரொட்டி கல்லாகிவிடும். ஈனோ அம்மனின் குளத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பது என் வேலை. பிள்ளையோடு கடலில் குதித்துத் தெய்வமானவள் அவள். கடலுக்குப் போகிறவன் குளத்தில் ரொட்டியைப் போடுவான். மூழ்கினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள், போகலாம். மிதந்தால் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

என் மகன் பிலோனின் ரொட்டி மூழ்கியது. அவன் திரும்பி வரவில்லை. அம்மனை நான் குறை சொல்லவில்லை. அழுதேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு திமாசா கொஞ்ச நாள் கூடவே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள், "இன்னும் எத்தன நாளைக்குத்தான்க்கா இப்படி மூலையில கெடப்ப? எந்திரிச்சு அடுப்ப மூட்டு" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நானும் எழுந்து மூட்டினேன்.

வானத்தில் கார்த்திகை நட்சத்திரங்கள் மறைந்துவிட்டால் புயல் காலம், எங்கள் ஊரில் யாரும் படகு இறக்குவதில்லை. திமாசாவின் ஒரே மகன் நிக்கோன் மட்டும், எதிரே கித்தேரா தீவில் நிச்சயித்த பெண்ணைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தான். "பொண்ணு எங்கடா இழுக்குது, மாமியார் வீட்டு ஆட்டுக்கறில்ல இழுக்குது!" என்று கரையில் கேலி செய்தார்கள். அவன் அசையவில்லை. கடைசியில், ரொட்டி மிதந்தால் போகமாட்டேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்தான்.

திமாசா என்னிடம் ஓடி வந்தாள்.

"ஒன் கால்ல விழறேன்க்கா. அவன் ரொட்டி மெதக்குற மாதிரி சுட்டுக் குடு."

"தெய்வ காரியத்துல கை வைக்கச் சொல்றியேடி" என்றேன். பிறகு, "சரி, அழாத. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

குளத்தைத் தூர் வாரியபோது நீங்கள் எடுத்த ஈயக்குண்டு, பிலோன் வீட்டில் விட்டுப்போன வலையில் இருந்ததுதான். அதை அறுத்தெடுத்து மாவுக்குள் வைத்துச் சுட்டவள் நான்தான். ரொட்டி விழுந்ததும் அடிக்குப் போய்விட்டது. நிக்கோன் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். மறுநாள் துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது.

கோபத்தில் செய்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு யார்மேலும் கோபமில்லை. தனியாக அழுவது கஷ்டம், ஐயா. இப்போது திமாசா தினமும் வருகிறாள். என் மடியில் படுத்து, "எனக்காக தெய்வத்தையே பகைச்சுக்கிட்டியேக்கா, அவதான் விடல" என்று அழுகிறாள். நானும் சேர்ந்து அழுகிறேன். நான் என்ன சொன்னாலும் அவளுக்குப் புரிகிறது.

என்னைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் போங்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நானும் இல்லாவிட்டால் அந்தப் பாவப்பட்டவளுக்கு ஆறுதல் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?