வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடிக்கத் தெரியாது. போனைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதில் டியூப்லைட்டும் அவர்கள் முகமும்தான் தெரியும், எழுத்து தெரியாது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற குமரேசனாகிய எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பேன்.

நீங்கள் கேட்டதால் உங்களுக்கும் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். என் கடையில் எல்லாம் விண்டோஸ். விண்டோஸ் பட்டனோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கும், படம் பதிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் பிரிண்ட் ஸ்கிரீன் ஒன்றே போதும். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஆப்பிள் கம்பெனியின் மேக் லேப்டாப் வைத்திருப்பார்கள். அதில் கமாண்ட், ஷிஃப்ட், மூன்று. கேமரா மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

தேவிப்ரியா இந்த மூன்றையும் ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து மூன்று வருஷம் என்னிடம் வேலை பார்த்தாள். கஸ்டமர்கள் என்னைத் தாண்டி அவளிடம்தான் போவார்கள். அவள் லீவு போட்ட நாளில் எனக்குச் சோறு இறங்காது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தங்கச்சி மாதிரிதான்.

போன வருஷம் அவள் அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வில் பாஸ் பண்ணினாள். முதலில் என்னிடம்தான் சொன்னாள். வேலை சென்னையில் என்றாள். அந்த ஊரில் அவளுக்கு யாரைத் தெரியும்?

சான்றிதழ்களை ஏற்றக் கடைசி நாள் ஒரு பௌர்ணமி. மாலை ஐந்து மணி வரை நேரம். அவளுடைய சாதிச் சான்றிதழ் அன்று மதியம்தான் கைக்கு வந்தது. மூன்று மணிக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணா, கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியாம், பஸ்ஸெல்லாம் வெளியவே நிறுத்திட்டாங்க. நான் வந்து சேர முடியாது, இங்க என் லேப்டாப்புல அந்த வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது. எல்லாத்தையும் அனுப்பிட்டேன், நீங்களே ஏத்திடுங்கண்ணா. முடிஞ்சதும் ஸ்கிரீன்ஷாட் போடுங்க, அப்பா பாக்கணும்னு சொல்றாரு."

"நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எல்லாவற்றையும் ஏற்றினேன். 'சமர்ப்பி' பட்டன் வந்தது. அதை அழுத்தவில்லை. ஒரு டீ வரவழைத்துக் குடித்தேன்.

காலையில் தௌஹீத் என்பவருக்கு அதே வேலைக்கான சான்றிதழ்களை ஏற்றி அனுப்பியிருந்தேன். 'வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்ற அவருடைய பக்கத்தைத் திறந்து, பெயரையும் ஒப்புகை எண்ணையும் மாற்றினேன். பிரௌசரிலேயே மாற்றலாம், சுலபம். அதன் பிறகுதான் படம் பிடித்தேன். படத்தில் நான் கை வைக்கவில்லை. திரையில் என்ன இருந்ததோ அதுதான் படத்திலும் இருக்கிறது. இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடை மெஷினில் எடுக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரம்மா போட்டோக்களை காப்பி பண்ணச் சொல்லித் தன் மேக்கைக் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் அவருக்கு விமானம். அந்தச் சத்தம் கேட்டதும் மனசு அமைதியாகிவிட்டது.

மறுநாள் தேவிப்ரியாவின் அப்பா தருமன் வந்து, அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் பண்ணித் தரச் சொன்னார். "சாமி படத்துகிட்ட வெக்கணுங்க, எல்லாம் உங்களாலதான்" என்றார். என் கையாலேயே பண்ணிக்கொடுத்தேன்.

இரண்டு மாதம் அழைப்பு வரவில்லை. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். சான்றிதழ்கள் எதுவும் வந்து சேரவே இல்லை, ஒப்புகை எண்ணும் பொய் என்று சொல்லிவிட்டார்கள். போலி ஆவணம் என்று வழக்கு வந்தது. இனி அவள் எந்தத் தேர்வும் எழுத முடியாது. நிச்சயம் பண்ணிய கல்யாணமும் நின்றுபோனது. தருமன் அதிலிருந்து தெருவில் தலைகாட்டுவதில்லை.

வெப்சைட்தான் சான்றிதழ்களை முழுங்கிவிட்டது என்று அவள் நம்பினாள். "நானே ஏத்தினேன்னு சொல்லிட்டேண்ணா. உங்க பேரு எதுக்கு வரணும்" என்றாள். படம் போனது கடையின் வாட்ஸ்அப்பிலிருந்து; அது அவள் லேப்டாப்பிலும் திறந்திருக்கும் என்பதால் போலீஸும் நம்பியது. இந்த வேலையெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்கள். "தெரியுங்க, நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ஜாமீனில் வந்தவளுக்கு வேறு யாரும் வேலை தரவில்லை. என்னிடமே வந்தாள். முன்பு போலப் பேச்சு இல்லை, சிரிப்பும் கம்மி. ஆனால் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

பிறகு இந்த வழக்கு உங்கள் கைக்கு வந்தது. நீங்கள்தான் படத்தின் ஃபைல் பெயரைப் படித்தீர்கள். எழுத்து மங்கக் கூடாது என்று படங்களை நான் எப்போதும் டாக்குமென்டாகத்தான் அனுப்புவேன். அதனால் பெயர் மாறாமல் போய்விட்டது. மேக் என்றால் அந்தப் பெயரில் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் இங்கிலீஷில் 'அட்' (at) என்று தானாகவே போடும். அவளுடைய இலவச லேப்டாப்பில் இருக்கும் லினக்ஸ் அப்படிப் போடாது. "அந்தப் பொண்ணு கிட்ட மேக்கே இல்லியேங்க, யாரோடது அது?" என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

நான்தான் செய்தேன். அவளுக்கு வந்த வேலையைக் கெடுத்தேன், பழியை அவளே சுமக்கட்டும் என்று விட்டேன், எல்லாம் தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அவளிடம் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். அப்படியே, நான் திரும்பி வரும்வரை கடையைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொன்னால் போதும், மாட்டேன் என்று சொல்ல மாட்டாள்.