படுத்துக்கிட்டே வர்ற சீட்டு

— இரு, வரிசையா சொல்றேன். நடுவுல பேசாத. இன்னிக்குக் காலைல விமானத்துல, பறந்து சேத்த மைலுக்கு இலவசமா குடுக்கற படுக்கை சீட்டு ரெண்டு திறந்தாங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. நான் ஆஸ்பத்திரி அடித்தளத்துல ஸ்கேன் மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன், கையெல்லாம் கிரீஸ். அவசர அவசரமா தொடச்சுட்டு அப்பா பேரு, உன் பேரு, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் போட்டேன். கடைசிப் பட்டனை அமுக்கினா, 'உங்களிடம் போதிய மைல்கள் இல்லை'ங்குது.

— ஏதாவது கோளாறா இருக்கும். இந்த விமானக் கம்பெனிக்காரங்களே இப்படித்தான்.

— கோளாறு பாக்கறதுதானே அண்ணா என் பொழப்பு? வெளிய வந்து, உள்ள போயி, மறுபடி வெளிய வந்து பாத்தேன். பூஜ்யம். வேற யாரோட கணக்கையாவது திறந்துட்டேனோன்னு என் பேரையே எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

— ஹலோ? சரியா கேக்கல. லென்ஸ் தேய்க்கிற மெஷின் ஓடுது.

— அதை நிறுத்து.

— கஸ்டமர் கண்ணாடிக்காகக் கடையிலயே காத்துக்கிட்டிருக்காரு, தாயே.

— நிறுத்துண்ணா.

— சரி, நிறுத்திட்டேன். சொல்லு.

— கம்பெனிக்குப் போன் பண்ணேன். திருட்டெல்லாம் இல்ல, சரியான பாஸ்வேர்டு போட்டு, போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் போட்டுத்தான் வேற கணக்குக்கு மாத்தியிருக்குன்னாங்க. நான் பாதி நாள் வானத்துலயே இருப்பேன்னு அந்த எண் உன் போனுக்குத்தானே வர்ற மாதிரி வெச்சோம்?

— ஆமா.

— பாஸ்வேர்டும் உனக்கு மட்டும்தான் தெரியும்.

— ஆமா.

— அப்போ யாரோ உன் போனை எடுத்திருக்கணும். இல்லன்னா... நான் தப்பா நெனச்சா மன்னிச்சுக்கோ. இல்லன்னா நீ எடுத்திருக்கணும். ஏன் பேச மாட்டேங்கற?

— நீதானே நடுவுல பேசாதன்ன?

— அண்ணா!

— சரி. நான்தான் எடுத்தேன். போதுமா?

— எல்லாத்தையுமா?

— கிள்ளி எடுத்தா என்ன, அள்ளி எடுத்தா என்ன? எல்லாத்தையும்தான்.

— எதுக்கு?

— மாமனார் மாமியாருக்குக் கல்யாண நாள் வந்துச்சு. எங்கயாவது தூர தேசம் போகணும்னு அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. வீட்டோட ஒரே மாப்பிள்ளைன்னா சும்மாவா? உன்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

— அண்ணி வீட்டுக்கா? என் மைலை எடுத்து?

— திட்டு. நல்லா திட்டு. வாங்கிக்கறேன்.

— எனக்குத் திட்டக்கூட வரல. போன வாரம் நீயே கேட்டியே, 'இன்னும் எவ்வளவு வேணும் கணக்குப்புள்ள, எப்பச் சேரும்'னு? உனக்கும் அவ்வளவு ஆசைன்னு நெனச்சேன். ஜன்னல் சீட்டு எனக்குத்தான்னு அப்பாகிட்டச் சண்டை போட்ட. நான் போன்ல சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டிருந்தேன். குழி எவ்வளவு ஆழம்னு பாத்துட்டு இருந்திருக்க நீ.

— அப்படியில்ல.

— வேற எப்படி? அந்த மைலை எப்படிச் சேத்தேன்னு உனக்குத் தெரியும். மெஷின் ரிப்பேருக்குக் கூப்பிடுவாங்க, நேரா போற விமானம் இருக்கும். சுத்திப் போனா மைல் கூட வரும்னு ரெண்டு எடம் இறங்கி ஏறிப் போவேன். ஆபீஸ்ல, 'ஏம்மா தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற'ன்னு கேலி. கக்கூஸ் பக்கத்துல கடைசி சீட்டு. ஷூவைக் கழட்டினா திரும்ப மாட்ட முடியாது, கால் அப்படி வீங்கிடும். அப்பக்கூட, போகட்டும், இது அப்பா முதுகுக்குன்னு நெனச்சுப்பேன்.

— தெரியும்.

— தெரியாது. ஒரு நாள் எல்லாரும் இறங்கினதுக்கு அப்புறம் பணிப்பெண்கிட்டக் கெஞ்சினேன். முன்னாடி இருக்கற படுக்கை சீட்டுல ஒரு நிமிஷம் படுத்துப் பாத்துட்டுப் போயிடறேன்னு. கைப்பையில இருந்து டேப்பை எடுத்து அளந்தேன். அப்பா உயரத்துக்கு மேல ஒரு சாண் மிச்சம் இருந்துச்சு. 'என்ன மேடம், கட்டில் வாங்கப் போறீங்களா'ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சா. ஆமா, எங்க அப்பாவுக்குன்னு சொன்னேன்.

— போதும். விடு.

— அவரு கேட்டது அது ஒண்ணுதான் அண்ணா. இந்த நாட்டு ரொட்டிக்காரரைக் கட்டிக்கப் போறேன், கல்யாணம் இங்கதான், அவருக்கு ஏற்கனவே கல்யாணமாகி முறிஞ்சிருக்கு, ஒரு பொண்ணும் இருக்குன்னு நான் சொன்னப்ப, வீடே இடிஞ்சு விழும்னு பயந்தேன். அப்பா ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. 'உன் இஷ்டம்மா. எனக்கும் வரணும்னுதான் ஆசை. இந்த முதுகு உக்கார விடாது. படுத்துக்கிட்டே வர்ற சீட்டு கிடைச்சா வர்றேன்'னாரு. நீயும் பக்கத்துலதான் இருந்த.

— இருந்தேன்.

— சிரிச்ச.

— அவரு ஏதோ பேச்சுக்குச் சொன்னாரு. அந்த டிக்கெட் விலைக்கு நான் இன்னொரு கண்ணாடிக் கடையே வெச்சிடலாம். நீ அதைப் போயி மைல் சேத்து வாங்கறேன்னு கிளம்புவேன்னு யாரு கண்டா?

— எனக்குப் பேச்சுக்குச் சொல்றது எது, நெசமாச் சொல்றது எதுன்னு தெரியாது. இது வேணும்னு சொன்னா அதைச் செய்வேன். மூணு வருஷமா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டேன். ரொட்டிக்காரர் ஒரு நாள் முகம் சுளிக்கல. 'அப்பா வராம என்ன கல்யாணம்'னு அவர்தான் சொல்வாரு. அவரு பொண்ணு இருக்கே, அந்தக் குட்டி, நம்ம பேச்சுல சொல்லப் பழகி வெச்சிருக்கு. 'வாங்க தாத்தா, தண்ணி குடிக்கறீங்களா?' கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துக்குது. அதுகிட்ட நான் என்ன சொல்ல?

— உன் மாமன் ஒரு திருடன்னு சொல்லு.

— யாருங்க திருடன்? அங்க ஒருத்தர் கண்ணு தெரியாம நாற்காலியைத் தடவிக்கிட்டு நிக்கறாரு, நீங்க மெஷினை நிறுத்திட்டுப் போன்ல கதை பேசறீங்க?

— ஒண்ணுமில்ல. நீ போயி அவரைக் கவனி.

— அண்ணியா? ஸ்பீக்கர்ல போடு அண்ணா.

— வேணாம், அவ வேலையா இருக்கா.

— இப்படிக் குடுங்க. என்னம்மா, எப்படி இருக்க? கல்யாணத் தேதி வெச்சாச்சா?

— அண்ணி, நான் கேக்கறது தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. உங்க அப்பா அம்மா பயணம் எப்படி இருந்துச்சு?

— எந்தப் பயணம்?

— கல்யாண நாளுக்குத் தூர தேசம் போனாங்களாமே. என் மைல்ல.

— எங்க அப்பா அம்மாவா? நல்லா கேட்ட போ! எங்க அப்பா முடி வெட்டத் தெருமுனைக்குப் போறதுக்கே மூணு நாள் யோசிப்பாரு. இதோ, எதிர்த்த வீட்டு மாடியில ரெண்டு பேரும் ரிமோட்டுக்கு அடிச்சுக்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அவங்களுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாதும்மா.

— அண்ணா?

— என்னங்க இது? எங்க வீட்டு ஆளுங்களை எதுக்கு இழுத்தீங்க?

— நீ கொஞ்சம் சும்மா இரு.

— சும்மா இருக்க நான் என்ன ஷோகேஸ்ல மாட்டின ஃபிரேமா? நாத்தனார் சேத்து வெச்சதைத் தின்னவங்கன்னு எங்க அப்பா அம்மா தலையில கட்டப் பாத்தீங்களா?

— அண்ணா, மைல் எங்க?

— தர்மத்துக்குக் குடுத்துட்டேன்.

— என்னது?

— அந்தக் கம்பெனியிலயே ஒரு தர்மக் கணக்கு இருக்கு. வைத்தியத்துக்கு வெளிநாடு போற ஏழைப் புள்ளைங்களுக்கு அதுல டிக்கெட் போடுவாங்க. அதுக்கு மாத்திட்டேன். திரும்ப வாங்க முடியாது.

— கண்ணாடி தொடைக்கிற துணியைச் சும்மா குடுக்கவே உனக்குக் கை வராது. நீ தர்மம் பண்ணியா?

— நல்லா கேளும்மா! ஓட்டை ஃபிரேமைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டாரு.

— கவுன்ட்டர்ல பெல் அடிக்குது, முதல்ல அதைப் போயிப் பாரு.

— போறேன். வந்து வெச்சுக்கறேன் உங்களை.

— இப்ப சொல்லு அண்ணா. பொய் சொல்லாம சொல்லு.

— அப்பா சொன்னாரு.

— அப்பாவா?

— 'யாருக்காவது புண்ணியமா போகட்டும், மாத்திவிடு'ன்னாரு. கேளு. டாக்டர் சொல்லிட்டாரு. முதுகு முன்ன மாதிரி இல்ல. உக்காந்தும் ஆகாது, படுத்தும் ஆகாது, விமானத்துலயே ஏறக்கூடாதுன்னுட்டாரு. உன்கிட்டச் சொன்னா நீ கல்யாணத்தை இன்னும் தள்ளிப் போடுவ. 'மைல் இருக்கற வரைக்கும் அவ கேட்டுக்கிட்டேதான் இருப்பா, அதைத் தீத்துடு'ன்னாரு. பழியை நான் ஏத்துக்கறதா பேச்சு.

— டாக்டர் எப்ப பாத்தாரு?

— கொஞ்ச நாள் முன்னாடி.

— அதை ஏன் எனக்குச் சொல்லல?

— அழாத. நீ அழுவேன்னுதான் சொல்லல.

— நான் ஒரு மடச்சி. வாரா வாரம் போன் பண்ணி, 'அப்பா, இன்னும் ஒரே ஒரு ரிப்பேர் பயணம்தான், அப்புறம் நீங்க படுத்துக்கிட்டே வரலாம்'னு குதிப்பேன். அவரு 'ம்... ம்'னு கேட்டுப்பாரு. வலியோட கேட்டிருக்காரு. மெஷினுக்குள்ள ஒரு கம்பி லூசா இருந்தா எனக்குக் காதுல கேக்கும். அப்பா 'ம்'னு சொன்னது எனக்குக் கேக்கல பாரேன். உன்னைப் போயித் திருடன்னு நெனச்சுட்டேன்.

— விடு. போனது போச்சு. நீ உன் ரொட்டி மாப்பிள்ளையைக் கட்டிக்கிட்டு நல்லா இரு. அதான் அவருக்கும் ஆசை.

— இரு, வரிசையா யோசிக்கறேன். அவரால வர முடியாது. சரி. எங்களால வர முடியும். ரொட்டிக்காரர் அடுப்பை அணைச்சுட்டு வருவாரு. குட்டிக்குப் பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிக்கலாம். அங்கயே கல்யாணத்தை வெச்சுக்கறேன், அப்பா ரூம்லயே. அவரு எழுந்திருக்கக்கூட வேணாம். கட்டில் பக்கத்துலயே நின்னு பண்ணிக்கறோம்.

— வேணாம்!

— ஏன்?

— வேணாம்னா வேணாம். நீங்க யாரும் வராதீங்க. இங்க... இங்க இடம் இல்ல.

— நான் பொறந்த வீட்டுல எனக்கு இடம் இல்லையா அண்ணா?

— அதுக்கில்ல. அப்பாவைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா...

— எந்த டாக்டருங்க?

— நீ ஏன் அதுக்குள்ள வந்துட்ட?

— கஸ்டமர் நாளைக்கு வர்றேன்னு போயிட்டாரு. மாமாவுக்கு என்ன? யாரை வரவேணாங்கறீங்க?

— அண்ணி, அண்ணனைத் திட்டாதீங்க. என் மேலதான் தப்பு. நீங்களும் எதையும் மனசுல வெச்சுக்காதீங்க.

— நான் என்னத்தம்மா மனசுல வெச்சுக்கப் போறேன்?

— போன மாசம் பொண்ணு வீட்டு ஊர்ல நடந்த உங்க தம்பி கல்யாணத்துக்கு அப்பா வரலையே. அன்னிக்கு அவருக்குப் போன் பண்ணேன், எடுக்கல. அண்ணனுக்குப் பண்ணேன், பின்னாடி ஒரே கல்யாணச் சத்தம். 'அப்பா வரல, வீட்டுல மாத்திரை போட்டுத் தூங்கறாரு'ன்னான். சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போக முடியலையேன்னு அவரு எவ்வளவு தவிச்சிருப்பாரு. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் அண்ணி.

— வரலையா? யாரு சொன்னா வரலன்னு?

— ஏய், போனைக் குடு.

— கையை எடுங்க.

— குடுன்னு சொல்றேன்ல!

— அண்ணி? என்ன அண்ணி?

— வந்த மனுஷனுக்காக நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்கற. அதைக் கேட்டுட்டு நான் வாயை மூடிட்டு இருக்க முடியாது. மாமா வந்தாரும்மா. ராத்திரி முழுக்க பஸ்ல, எங்க கூட, உக்காந்தே வந்தாரு. கடைசி சீட்டு வேற, தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. படுத்துக்கிட்டே போற பஸ் பாக்கட்டுமா மாமான்னு நான்தான் முன்னாடியே கேட்டேன். 'எதுக்கும்மா தண்டச் செலவு, எனக்கென்ன முதுகா வலிக்குது?'ன்னு சிரிச்சாரு.