பியானோ பத்தாலியாவில் கூப்பிடாத பெயர்

இத்தாலி, பலேர்மோ, 1996 பெப்ரவரி. பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் செல்வமலர் உடனிருக்க, தமிழில் சொல்லப்பட்டு எழுதப்பட்டது.

எனது பெயர் எமிலியானா. கணவர் பெயர் யாக்கோபு. எனது வயது முப்பத்து நான்கு. சொந்த இடம் மன்னார், பேசாலை. இப்போது பலேர்மோவில் ஒரேத்தோ பகுதியில் கணவருடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வீட்டுவேலை செய்கிறேன். எங்கள் இருவருக்கும் பெர்மெசோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, இருக்கிறது. இறந்தவர் எனது தம்பி டெனிஸ்டன். எனக்கு இளையவன் என்பதால் அவன் என்றே சொல்கிறேன். அவனுக்கு வயது இருபத்தாறு. வுச்சீரியா சந்தையில் ஒரு மீன்கடையில் வேலை செய்தான். அவனிடம் பெர்மெசோ இல்லை. இனி அதை ஒளித்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் தம்பியும், எங்கள் கோவிலில் தமிழ்ப் பூசைக்கு வரும் ஜோக்கிம் குடும்பமும் ஒரு வான் வாடகைக்கு எடுத்து, மதோனியே மலைப் பூங்காவிலுள்ள பியானோ பத்தாலியாவுக்குப் பனி பார்க்கப் போனோம். வானை ஓட்டியவர் என் கணவர். எனக்குப் போக அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. நான் வேலை செய்யும் வீட்டில் சிஞ்ஞோராவின் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்கப் பனியில் நனைத்துக்கொண்டு வரும் உடுப்புகளைக் காயப்போடுவது நான்தான். அந்த மட்டில் பனியை எனக்குத் தெரியும். தம்பிதான் விடவில்லை. "அக்கா, உடுப்பு காயப்போட்டது காணும். ஒருக்கா நாங்களும் போய் நனைச்சுக்கொண்டு வருவம்" என்றான்.

அங்கே இத்தாலியர்கள் காலில் சறுக்குமட்டை கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுத்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை. தம்பி கடையிலிருந்து மீன் அடுக்கும் பிளாஸ்ரிக் தட்டுகளைக் கொண்டுவந்திருந்தான். அவன் அதில் குந்தியிருந்து சறுக்கிப் போய் வேலியோரம் குப்புற விழுந்து, எழும்பி, திரும்பவும் ஏறிப்போய்ச் சறுக்கினான். அதன்பின் இத்தாலியப் பிள்ளைகள் பலகைகளைப் போட்டுவிட்டு எங்கள் தட்டுக்கு வரிசையில் நின்றார்கள். மீன் மணக்குது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் ஒருமுறை சறுக்கினேன். சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பின் படம் எடுக்க ஆயத்தமானோம். தம்பிக்கு ஊரில் கலியாணம் பேசியிருந்தது. பெண்வீட்டாருக்கு அனுப்புவதற்குக் கோட்டும் ரையும் கட்டிப் பனிக்குள் நின்று படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி, அவன் கோட்டை உள்ளே போட்டு வந்திருந்தான். எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் எடுத்து அனுப்புவது. குளிர் தெரியக்கூடாது, வசதிதான் தெரிய வேண்டும். மேலே போட்டிருந்த தடித்த ஜக்கெற்றைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போய் நின்றான். கணவர் படம் எடுத்துக்கொண்டிருக்கையில் மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கியது. அப்போது சீருடை போட்ட வனக்காவலர்கள் விசில் ஊதிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வனக்காவலருக்கும் பொலிஸுக்கும் வித்தியாசம் பார்க்க அவன் நிற்கவில்லை. இந்த மாதம் பெர்மெசோ இல்லாதவர்களைப் பதிந்து பெர்மெசோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மீன்கடை முதலாளியும் அவனுக்காகக் கையெழுத்து வைக்கச் சம்மதித்திருந்தார். அதற்கு முதல் பிடிபட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயத்திலேயே அவன் நடமாடினான். விசில் கேட்டதும் வேலியைக் கடந்து மரங்களுக்குள் போய்விட்டான். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி இதை விளங்கப்படுத்தும்படி கேட்டார். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. சந்தையிலோ பஸ்ஸிலோ சோதனை வந்தால், பேப்பர் இல்லாத ஆள் சத்தமில்லாமல் விலகிப் போவார். மற்றவர்கள் அவரைப் பார்க்கவும் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. அவர் அடுத்த பஸ் தரிப்பிடத்தில் போய் நிற்பார், நாங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வருவோம். பலேர்மோவில் இது ஒருநாளும் பிழையாய்ப் போனதில்லை. ஆனால் மலையில் அடுத்த தரிப்பிடம் எது என்று எங்களில் ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

வனக்காவலர் ஒருவர், மூடுபனி கூடுவதால் எல்லாரும் உடனே கீழே இறங்க வேண்டும், உங்கள் ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். கணவர் "தூத்தி, தூத்தி" என்றார். எல்லாரும் இருக்கிறோம் என்று அர்த்தம். அதன்பின் அந்தக் காவலர் என் கையைப் பார்த்து, இந்த ஜக்கெற் யாருடையது என்று கேட்டார். கணவருடையது என்று நான் சொன்னேன். கணவர் தன்னுடைய ஜக்கெற்றைப் போட்டபடிதான் நின்றார். காவலர் அவரையும் என்னையும் பார்த்துவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். எங்களை வெருட்டவில்லை.

அதன்பின் வானில் ஏறினோம். தம்பியைக் கூப்பிடப் போகிறேன் என்று நான் கதவைத் திறந்தேன். கணவர் என் கையைப் பிடித்து, "நீ கூப்பிட்டியெண்டா அவனைப் பிடிச்சுக் குடுக்கிற மாதிரித்தான். பேசாமல் இரு. அவன் கீழை வளைவிலை வந்து நிப்பான்" என்றார். கீழே வளைவில் வானை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வரவில்லை. பின்னால் வாகனத்தில் வந்த காவலர்கள் பாதையை மூடப்போவதாகச் சொல்லி எங்களை நகரச் சொன்னார்கள். அப்போதும் நாங்கள் வாய் திறக்கவில்லை. யாருடைய காரிலாவது ஏறி முன்னுக்கே போயிருப்பான் என்று கணவர் சொன்னார். அதை நம்பினேன் என்று நான் சொல்லமாட்டேன். இருந்தும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையிலும் தம்பி வரவில்லை. நான் வேலைக்குப் போவதாகக் கணவருக்குச் சொல்லிவிட்டு இங்கே வந்து நடந்ததைச் சொன்னேன். நீங்கள் உடனேயே ஆட்களை அனுப்பினீர்கள், என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவனைப் பூட்டிக் கிடந்த ஒரு கொட்டிலின் பின்சுவரோடு கண்டெடுத்தார்கள். கோட்டோடும் ரையோடும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். படம் எடுத்த இடத்தில் நின்று சத்தம் போட்டால் அங்கே கேட்கும்.

ஜக்கெற்றைப் பற்றிக் கேட்ட அதே காவலர்தான் எனக்குக் கால்தடத்தைக் காட்டினார். விசில் ஊதிய பக்கத்துக்கு எதிராகத் தடம் மரங்களுக்குள் தூரமாகப் போயிருந்தது. மூடுபனியில் ஆட்கள் வழிதவறாமல் சத்தத்தைப் பிடித்து வரட்டும் என்றுதான் தாங்கள் ஊதியதாக அவர் சொன்னார். அதன்பின் அதே தடம் திரும்பி, எங்கள் வான் நின்ற இடத்துக்கு வந்திருந்தது. அங்கே சுற்றிச் சுற்றி மிதித்த அடையாளம் இருந்தது. அங்கிருந்து கொட்டிலுக்குப் போயிருந்தது. அவனுக்கு வான் நின்ற இடம்தான் தரிப்பிடம். எங்களுக்கு வளைவு. சனம் விலகினதும் அக்கா வருவாள் என்று அவன் வழக்கப்படி காத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஏன் கூப்பிடவில்லை என்று அதிகாரி கேட்டார். அவன் பிடிபட்டுவிடுவான் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. பிடிபட்டிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள், எங்கேயாவது உயிரோடு இருந்திருப்பான். விசிலுக்கு ஓடினவன் என் குரலுக்கு வந்திருப்பான்.

மேலே உள்ளதைச் செல்வமலர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறது. இதைச் சொல்லும்படி என்னை ஒருவரும் வெருட்டவில்லை. எங்கள் பெர்மெசோவுக்குக் கேடு வரும், டெனிஸ்டன் வேறு ஆட்களோடு வந்தவன் என்று சொல் என்று என் கணவர் இன்று காலை கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. அவன் எங்களோடு வந்தவன்.

(ஒப்பம்) எமிலியானா யாக்கோபு