தாழைக்கோழிக்காகக் கதைக்கப் போனவர்

...மண் லொறி அண்ணை, மண் லொறி! அதை ஒருத்தரும் மறிக்கேல்லைப் பாருங்கோ. எங்களை மட்டும் பஸ்ஸாலை இறக்கி, உந்த நெருப்பு வெய்யிலிலை வரிசையிலை விட்டிருக்கு. நீங்களும் வெள்ளவத்தையிலைதானே ஏறினனீங்கள்? கண்டனான், மாக்கெற்றுக்கு முன்னாலை. எனக்குப் பின்னாலை நில்லுங்கோ, கொஞ்சம் நிழல் விழும். அவசரப்பட்டுப் பிரயோசனமில்லை. அந்தக் குண்டு வெடிச்சதிலை இருந்து உந்தப் பாலத்தடியிலை ஆமிப் பொடியள் பையைக் கவிட்டுக் கொட்டித்தான் பாக்கிறாங்கள்.

அந்தா, இன்னொண்டு போகுது. செம்மண். எங்கை போகுதெண்டு தெரியுமோ? கல்கிசைக்கு உள்ளுக்கை, வாய்க்கால் தாண்டினால் ஒரு சதுப்பு இருக்கு... இருக்கு எண்டு சொல்லுறன் பாருங்கோ, வாய்ப்பழக்கம். இருந்தது. முக்கால்வாசி முடிஞ்சுது. ஒரு கொம்பனி நிரப்புது. வீடு கட்டப் போகினமாம், கடை கட்டப் போகினமாம், நடுவிலை நீச்சல் குளமும் வருமாம்! இருந்த தண்ணியை மூடிப்போட்டு அதுக்கு மேலை தண்ணி விடப் போகினம். படிச்ச மூளை அண்ணை, படிச்ச மூளை! பறவையளுக்கெண்டு பலகை நட்டு ஒதுக்கி வைச்ச இடம் அது. பலகை இப்பவும் நிக்குது. சுத்திவர மண்ணைக் கொட்டிப்போட்டுப் பலகையை மட்டும் விட்டு வைச்சிருக்கிறாங்கள், மரியாதைக்கு.

நான் நாகேந்திரம். ஒரு கந்தோரிலை தலைமைக் கிளாக்கராய் இருந்து பென்சன் எடுத்தனான். பென்சன் எடுத்த ஆம்பிளை வீட்டிலை இருந்தால் என்ன நடக்கும்? பெண்சாதி வெங்காயம் உரிக்கத் தருவா. அருந்ததி தந்தவ. அதுக்குத் தப்பத்தான் குருவி பாக்க வெளிக்கிட்டனான், உண்மையைச் சொன்னால். எங்கடை ஒழுங்கையிலை ஐறீன் எண்டு ஒரு பறங்கி மனிசி. ஞாயிற்றுக்கிழமை விடியக் கொஞ்சப் பேரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சதுப்புக்குப் போவா. "நாகேந்திரம், வாருமன்" எண்டா. குருவி பாக்கவோ! எங்கடை ஆக்கள் குருவி பாத்ததெண்டால் காகத்துக்குச் சோறு வைக்கேக்கைதான். சரி, வெங்காயத்துக்கு இது மேல் எண்டு போனன்.

போய்ப் பாத்தால்... என்னத்தைச் சொல்ல! நீலத் தாழைக்கோழி எண்டு ஒண்டு. கண்டிருக்கிறியளோ? உடம்பு ஊதா நீலம், சொண்டும் நெத்தியும் நல்ல சிவப்பு, காலெண்டால் நீட்டு நீட்டாய். சம்பளம் எடுத்த கிளாக்கர் மாதிரி ஒரு நடை. மாரிக்குப் பிறத்தியிடத்துப் பறவையளும் வரும். கடல் தாண்டி வரும் அண்ணை! பாஸ் இல்லை, பதிவு இல்லை, எவ்வளவு நாள் நிக்கப்போறாய், ஆர் வீட்டிலை நிக்கிறாய் எண்டு கேக்க ஒரு ஆளில்லை. என்ரை மச்சான் யாழ்ப்பாணத்திலை இருந்து ஒரு கண்ணைக் காட்டவெண்டு வந்தவர். பாஸ் எடுத்து, வந்து, பொலிசிலை பதிஞ்சு முடியிறதுக்குள்ளை மற்றக் கண்ணும் மங்கிப்போச்சு. சிரிக்காதேங்கோ... இல்லை, சிரியுங்கோ, மெல்லமாய். அங்காலை பாக்கிறான்.

ஒண்டு சொல்லுறன் அண்ணை. இந்தக் கொழும்பிலை நீ ஆர் எண்டு என்னைக் கேக்காத இடம் அது ஒண்டுதான். கோயிலுக்குப் போற வழியிலை கேப்பாங்கள். பாண் வாங்கப் போற வழியிலை கேப்பாங்கள். வாங்கிக்கொண்டு வரேக்கை திருப்பியும் கேப்பாங்கள், போகேக்கை கேட்டவனே கேப்பான். அந்தச் சதுப்பிலை முழங்கால் மட்டும் சேத்துக்கை நிண்டால் ஒருத்தரும் கேக்கிறேல்லை. தாழைக்கோழி ஒருக்கால் நிமிந்து பாக்கும், பிறகு தன்ரை பாட்டிலை மேயும். எனக்கு அது போதும். அந்த விடியக்காலமை ரண்டு மணித்தியாலம்தான் நான் மனிசனாய் நிண்டது. அதைத்தான் மூடப் போறம் எண்டு வந்தாங்கள்.

நகருது போலை... ஓம், நகருவம்.

ஐறீன் சங்கம் துவங்கினா. நானும் சேந்தன். பக்கத்திலை குடியிருக்கிற சிங்களச் சனம் சேந்துது, சதுப்பை மூடினால் மழைத்தண்ணி தங்கடை வீட்டுக்கை வருமெண்டு. நல்ல சனம், சட்டி பானையெல்லாம் தட்டிக்கொண்டு வந்துதுகள். கிருலப்பனையிலை இரும்புக்கடை வைச்சிருக்கிற பாயிஸ் ஊர்வலத்துக்கு வந்த எல்லாருக்கும் புரியாணிப் பார்சல் குடுத்தார். சனம் அதைச் சாப்பிட்டிட்டு, கடதாசியைச் சதுப்புக்கை எறிஞ்சுபோட்டு, "சதுப்பைக் காப்பாத்து!" எண்டு கத்திச்சுது. பரவாயில்லை, கத்திச்சுதே!

எங்கடை ஆக்கள்? கேக்காதேங்கோ! வெள்ளவத்தையிலை ஒழுங்கை ஒழுங்கையாய் ஏறி இறங்கினன். "நல்ல விசயம் அண்ணை, எங்கடை பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ." "மகனுக்கு விசா வரட்டும், பிறகு குருவியைப் பாப்பம்." யோகநாதன் டொக்குத்தர் கதவைப் பாதி திறந்துகொண்டு கேக்கிறார், அது தமிழ்க் குருவியோ எண்டு! படிச்ச மனிசன் கேக்கிற கேள்வியே? எனக்கு விசர் வந்துது. வாய் திறக்கவேண்டிய இடத்திலை வாய் திறக்கத் தெரியாத சனம் எண்டு வாசலிலை வைச்சே குடுத்துப்போட்டு வந்தனான். சும்மா விடுறதே!

பிறகுதான் சதுப்பை நிரப்ப விடலாமோ எண்டு அரசாங்கம் வைச்ச அந்த விசாரணைக் கூட்டம் வந்துது. மண்ணாய்ப் போன கூட்டம். ஒரு சங்கத்துக்கு ஒரு ஆள்தான் கதைக்கலாமாம். எதிர்ப்பு இருந்தால் அந்த இடத்திலையே சொல்லவேணுமாம், சொல்லாட்டில் எதிர்ப்பில்லை எண்டு எடுப்பினமாம். ஐறீன் சொன்னா, "நாகேந்திரம், நீர்தான் கதைக்கவேணும். நான் கதைச்சால் கிழவிக்கு விசர் எண்டுவினம். பாயிஸ் கதைச்சால் அடிபாடு வரும். நீர் நிதானமான ஆள்." எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேல்லை அண்ணை. என்ரை சீவியத்திலை ஒருத்தரும் என்னைக் கதைக்கச் சொன்னதில்லை, கதையை நிப்பாட்டத்தான் சொல்லுவினம். சிங்களத்திலை பாடமாக்கினன். குளிக்கேக்கை சொன்னன், சாப்பிடேக்கை சொன்னன், நித்திரையிலையும் சொன்னனாம். "கலியாணம் கட்டின நாளிலை இருந்து என்னோடை உவ்வளவு கதைச்சதில்லை" எண்டு அருந்ததி சொன்னா.

இப்ப பாருங்கோ, எல்லாப் பழியும் என்ரை தலையிலை. ஐறீன் என்னை ஒழுங்கையிலை கண்டால் தன்ரை நாயோடை கதைக்கிறா. பாயிசின்ரை கடைக்கு ஆணி வாங்கப் போனன், ஆணி இல்லையாம். இரும்புக்கடையிலை ஆணி இல்லையாம்! நான் என்ன, கொம்பனியிட்டைக் கையூட்டு வாங்கினனானே? மண் கொட்டினனானே? லொறி ஓட்டினனானே? அந்த மண்டபத்தின்ரை ஒழுங்கு பிழை. அவை கேட்ட விதம் பிழை. அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

இண்டைக்கு ஏன் போறன் எண்டு கேக்கிறியளோ? கடைசி மூலையிலை ஒரு துண்டு இன்னும் மூடேல்லை. அதுக்கை ஒரு தாழைக்கோழிச் சோடி குஞ்சோடை நிக்குதாம். கறுப்புக் குஞ்சுகள், பஞ்சு மாதிரி இருக்கும். லொறி போற வேகத்தைப் பாத்தால் அதுவும் இந்தக் கிழமை தாண்டாது. ஒருக்கால் கண்ணாலை பாத்திட்டு வருவம் எண்டு... மனம் கேக்குதில்லை. அதுக்குத்தான் பைனாகுலரையும் பைக்கை வைச்சனான். மருதானையிலை பழைய சாமான் கடையிலை எடுத்தது, ஒரு கண் கொஞ்சம் புகைச்சல்.

எனக்குத் தெரியும் அண்ணை, எனக்குத் தெரியும்! அப்பிடிப் பாக்காதேங்கோ. தமிழன் ஒருத்தன் பைனாகுலரோடை காலி றோட்டிலை திரியிறதெண்டால் என்ன கதை எண்டு எனக்குத் தெரியாதே? முந்தி ஐறீன் பக்கத்திலை வருவா. காவலுக்கு நிக்கிற பொடியளை "மல்லி, மல்லி" எண்டு சிங்களத்திலை தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டு ரண்டு பகிடி விடுவா, பையைத் திறக்கச் சொல்லவே மாட்டாங்கள். இப்ப நான் தனிய. ஏன் தள்ளி நிக்கிறியள்? நீங்கள் என்னோடை வந்த ஆளெண்டு சொல்லமாட்டன், பயப்பிடாதேங்கோ.

மண்டபத்துக்கு வாறன். மேசைக்கு அங்காலை அதிகாரி. நல்ல மனிசன், முகத்திலை சிரிப்பு. அவரிலை ஒரு பிழையும் இல்லை. அவருக்குப் பின்னாலை துவக்கோடை ஒரு காவல்காரன், இந்த நாளிலை பெரியாக்களுக்கு அது வழமைதானே. என்ரை பேரைக் கூப்பிட்டவை. எழும்பிப் போனன். மேசைக்கு முன்னாலை நிண்டதுதான் தாமதம், இந்தக் கை தன்ரை பாட்டிலை சேட்டுப் பொக்கெற்றுக்கை போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டிப்போட்டுது! மண்டபம் முழுக்கச் சிரிச்சுது. அதிகாரியும் சிரிச்சார். "ஐடி வேண்டாம் அங்கிள்" எண்டு அன்பாய்ச் சொன்னார். அன்பாய்ச் சொன்னால் எனக்கு இன்னும் பயம். பிறகு கேட்டார், இந்தத் திட்டத்தாலை உங்களுக்கு ஏதும் பிரச்சினை இருக்கோ எண்டு. பிரஷ்னயக் தியெனவத? அவ்வளவுதான் கேள்வி. பாடமாக்கினது எல்லாம் ஒண்டும் விடாமல் ஞாபகத்திலை நிக்குது. வெள்ளம், மீன், தாழைக்கோழி, எல்லாம் நிக்குது. பின்னாலை ஐறீன், பாயிஸ், அந்த வீட்டுச் சனம், எல்லாரும் என்ரை முதுகையே பாத்துக்கொண்டு இருக்கினம். நான் வாயைத் திறந்தன் அண்ணை. திறந்து...

ஆ? என்னையோ? ஓவ் சேர்! எனவா சேர், வாறன்!... இந்தாங்கோ சேர், ஐடி. வெள்ளவத்த சேர். கல்கிஸ்ஸ யனவா சேர், போறன்... பை? ஓவ் சேர், பாருங்கோ சேர்... அது... அது பைனாகுலர் சேர். குருல்லோ பலன்ட சேர்... குருவி பாக்கவெண்டு சொல்லுறன் அண்ணை, விளங்காதாம்... ஓவ் சேர், குருல்லோ. பறக்கிற குருல்லோ... நே சேர், தனியத்தான் சேர்... ஆ... வைச்சிருக்கப் போறியளோ சேர்? நாளைக்குப் பொலிசிலை வந்து கேக்கட்டோ?... இண்டைக்குத்தான் சேர் குஞ்சு... நே, நே, ஒண்டுமில்லை சேர். ஹரி சேர்... என்ன சேர்? பிரஷ்னயக்? நே சேர்! பிரஷ்னயக் நே சேர். கிசி பிரஷ்னயக் நே. ஸ்தூதி சேர், ஸ்தூதி.

...கேட்டியளே அண்ணை? இதுதான். பிரச்சினை இல்லை சேர், ஒரு பிரச்சினையும் இல்லை, நன்றி சேர். அண்டைக்கு மண்டபத்திலையும் இதைத்தான் சொன்னனான், ஒரு சொல்லும் பிசகேல்லை. சொல்லிப்போட்டு, கும்பிட்டிட்டு, வந்து கதிரையிலை இருந்திட்டன். இருந்த பிறகுதான் என்ன சொன்னனான் எண்டு எனக்கு விளங்கினது. அப்ப அதிகாரி அடுத்த சங்கத்தைக் கூப்பிட்டிட்டார்.

போங்கோ அண்ணை, உங்களைத்தான் கூப்பிடுறான். ஏதும் கேட்டால், பிரச்சினை ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ.