காயாத படகு

— சொன்னா நம்பமாட்டீங்க மொக்கையண்ணே, நேத்து படகுல ஒட்டுன ரெசின் பசை இன்னைக்குக் கையோட வருது. வெயில்ல வெந்த தோலு உரியிற மாதிரி. இந்தா பாருங்க.

— ஏந்தம்பி ஸ்ரீநாத்து, ஒத்தக்கடையில ஒங்க கடையில தண்ணித் தொட்டி, கார் பம்பர்னு ஊருப்பட்டதை ஒட்டுறீக. எங்க உசிலம்பட்டிப் பக்கம் வந்தா மட்டும் ஒட்டலங்கிறீக. சரக்கு பழசா?

— சத்தியமா புதுச் சரக்குண்ணே. எபாக்ஸி. சாதா ரெசின் மரத்துல நிக்காதுன்னுதானே தேடிப் புடிச்சு இதை வாங்கியாந்தேன். ஆனா எந்த ரெசினா இருந்தாலும் மரம் காஞ்சிருக்கணும். இது ஊறிக் கெடக்கு. இங்கிட்டு மழை கிழை பெஞ்சுச்சா?

— மழையா? இந்த ஊர்லயா? நல்லாக் கேட்டீக போங்க.

— பின்ன, கொட்டகைக்குள்ள நிக்கிற படகு எப்படிண்ணே நனையும்?

— கண்மாய்க்கரைக் காத்து தம்பி. ஈரக்காத்து. அதுபோக இது தேவிபட்டினத்துல இருந்து லாரியில வந்த படகு. கடல் தண்ணி குடிச்ச மரம். உப்பு ஈரத்த விடாதுல்ல.

— சரி, ரெசினை விடுங்க. மரத்தையாச்சும் இன்னைக்கு முடிவு பண்ணுவோம். உள்ள விலா எலும்பு கணக்கா வளைஞ்சு நிக்கிற வங்கு இருக்குல்ல, அதுல பாதி உளுத்துப்போச்சு. அதுக்குத்தானே நாட்டுக்கருவேலங்கட்டை கொண்டாந்து போட்டேன். அதுக்கென்ன?

— வெடிப்பு இருக்கு.

— எங்க இருக்கு?

— இருக்கும் தம்பி. உள்ளுக்குள்ள.

— அதுக்கு முன்னாடி வாகை காமிச்சேன்.

— வாகையச் செல்லு அரிச்சிரும்.

— வேம்பு?

— வெயிலுக்கு முறுக்கிக்கிரும்.

— தேக்குப் பலகையிலயும் முடிச்சுன்னுட்டீங்க. பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நொட்டை சொல்லமாட்டாண்ணே!

— எம்மகன் அழகுபாண்டி எதுனால போனான்னு தெரியும்ல? நடுக்கண்மாயில இதே படகுலதான் பலகை விட்டுருச்சு. வலையில காலு மாட்டிக்கிச்சு. பொங்கலுக்கு எடுத்த வேட்டி மடிப்புக் கலையாம பெட்டியில கெடக்கு. நான் நொட்டை சொல்லாம வேற யாரு சொல்லுவா?

— தப்பாப் பேசிட்டேண்ணே. மனசுல வச்சுக்காதீங்க.

— ஒங்களச் சொல்லி என்ன தம்பி. பங்குக்காரங்க ஒரு பக்கம் நெருக்குறாங்க. மீனு வளந்துருச்சு, தண்ணி வத்துது, வார வெள்ளிக்குள்ள வலை விடலேன்னா மீன் குத்தகையில எம்பங்கை வேற ஆளுக்கு விட்டுருவாங்களாம். வீட்ல இவ ஒரு பக்கம். படகு எப்ப ஆகும், எப்ப ஆகும்னு தினமும் ஒரே நச்சரிப்பு. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, அடுப்பு எரியணும்ல. இந்தா, அவளே காப்பியோட வாரா. நீங்க குடிங்க. நான் வண்டியில கெடக்குற பூவரசங்கட்டையப் பாத்துட்டு வாரேன்.

— இந்தாங்க தம்பி, சூடாக் குடிங்க. என்ன சொல்றாரு? படகு எப்ப ஆகும்?

— ஆகாது மாயக்கா. இப்படி உக்காருங்க. ஒன்னு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. அடிப்பலகையில குடம் வச்ச தடம் இருக்கு. வட்டமா. இந்த வீட்ல குடம் தூக்குறது யாரு?

— ஆத்தி!

— எதுக்குக்கா இப்படிப் பண்றீங்க?

— மெதுவாப் பேசுங்க தம்பி, அந்த மனுசன் காதுல விழுந்துரப்போகுது. நாந்தான் ஊத்துனேன். பால் கறக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்து ஊத்துவேன். பெத்த புள்ளைய இந்தப் படகுக்குக் குடுத்தாச்சு. இவரையும் குடுத்துட்டு நான் யாரு மூஞ்சியில முழிக்க?

— அப்ப, படகு எப்ப ஆகும்னு தினம் கேக்குறது?

— கேக்காட்டி சந்தேகம் வந்துரும்ல. அவருக்குப் போயே ஆகணும் தம்பி. எம்மகன் விட்ட வலைய நாந்தான் இழுப்பேன்னு பங்குக்காரங்க மத்தியில சொல்லிட்டு வந்த ஆளு. நான் மறிச்சா, பொம்பளை பேச்சைக் கேட்டு வீட்ல ஒக்காந்துட்டான்னு ஊரே சிரிக்கும். அத அவரு தாங்கமாட்டாரு. படகு ஆகலேன்னா யாருக்கும் கெட்ட பேரு இல்ல பாருங்க. பங்கு போனாப் போகட்டும். நான் சித்தாள் வேலைக்குப் போயாவது கஞ்சி ஊத்துவேன். எஞ்சாமி, சொல்லிறாதீக.

— அம்மா சத்தியமாச் சொல்லமாட்டேன்க்கா. ஆனா தண்ணியோட விட்டுருக்கலாம்ல? அடிப்பலகை மட்டும் நனைஞ்சிருந்தா, நான் மேல இருந்தாச்சும் வேலைய ஆரம்பிச்சிருப்பேன். நீங்க ஈரச்சாக்கைக் கொண்டாந்து மேல வங்கு பூராம் சுத்தி வச்சிருக்கீங்க. ரெசின் முழுக்கச் சணல் நாரு.

— சாக்கா? நான் சாக்கெல்லாம் போடலையே.

— இந்தா, நாரு ஒட்டியிருக்கு பாருங்க.

— நெசமாத்தான் தம்பி. அம்புட்டு ஒசரத்துக்கு எனக்குக் கையே எட்டாது.

— பின்ன யாருக்கா?

— யாரு வருவா இங்க... விடியக்காலம் அவருதான் எந்திருச்சு வருவாரு. மாட்டுக்குப் போத்துற சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு, படகு காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்துட்டு வாரேம்பாரு. திரும்பி வாரப்ப தோளு, மாரு எல்லாம் நனைஞ்சிருக்கும். அய்யோ... புள்ளைய நெனச்சு அழுதுட்டு, கண்மாயில மூஞ்சி கழுவிட்டு வாராருன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்!

— அக்கா, அழாதீங்க. அண்ணே வாராரு.

— தம்பி ஸ்ரீநாத்து! இந்தப் பூவரசும் ஆகாது போலயே. முடிச்சா இருக்கு. வேற பாப்பமா? ஏ மாயக்கா, எதுக்குடி அழுகுற?

— ஆகாதுங்க. எந்தக் கட்டையும் ஆகாது. அந்தச் சாக்கை எங்க வச்சிருக்கீக? குடுங்க, இன்னைக்கு நான் நனைச்சுட்டு வாரேன்.