ஞாயிறு திறக்காத டப்பா

தையல்காரி: ஆஸ்பத்திரிக்கு வந்தது சித்தப்பாவுக்கு மாத்திரை வாங்கவா? அவர்தான் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டார்னு சொன்னீங்களே?

பஸ் டிரைவர்: அது பெரிய சித்தப்பா. இவர் சின்னவர்... ஆமா, நீங்க எங்க இந்தப் பக்கம்? எச்.ஐ.வி. பிரிவுல?

தையல்காரி: எங்க பெரியம்மாவுக்கு மாத்திரை வாங்க. அவங்களால நடக்க முடியாது.

பஸ் டிரைவர்: போன வாரம்தான் பெரியம்மா டூர் போயிருக்காங்கன்னு...

தையல்காரி: அதான் கால் வலி.

கணக்கு மேடம்: கொஞ்சம் நகருங்க, உக்காந்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்க நோயாளிங்களா?

பஸ் டிரைவர்: சேச்சே.

தையல்காரி: நான் சும்மா துணைக்கு.

கணக்கு மேடம்: அப்ப உங்ககிட்டப் புலம்பலாம். இங்க ஆராய்ச்சிக்குக் கணக்குப் போடறவ நான். ரெண்டு டப்பா என் தூக்கத்தையே கெடுக்குது.

பஸ் டிரைவர்: என்ன டப்பா?

கணக்கு மேடம்: மாத்திரை டப்பா. மூடியத் தொறந்தா தன்னால பதிவாகும். பேர் தெரியாது, நம்பர் மட்டும்தான். எல்லாரும் சாயங்காலம் ஒழுங்காத் தொறக்கறாங்க. இந்த ரெண்டும் ஞாயித்துக்கிழமை மட்டும் தொறக்கறதே இல்ல.

தையல்காரி: மறதியா இருக்கும்.

கணக்கு மேடம்: ஒருத்தர் மறக்கலாம். ரெண்டு பேர், ஒரே கிழமையா? இப்படி விட்டு விட்டு முழுங்கினா கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் அந்த மாத்திரை கேக்காது. ரெண்டு பேர் ரத்தத்துலயும் கிருமி தலை தூக்குது. பாவம், நான் முதல்ல மாத்திரை மேல பழி போட்டேன்.

பஸ் டிரைவர்: தலை தூக்கினா... அடக்க முடியாதா?

கணக்கு மேடம்: இப்பவே ஒழுங்கா முழுங்கினா முடியலாம். வேடிக்கை என்னன்னா, போன மாசம் ஒரு ஞாயிறு அடைமழை. அன்னைக்கு மட்டும் ரெண்டும் டாண்ணு தொறந்திருக்கு. மழைக்கும் மாத்திரைக்கும் என்னங்க சம்பந்தம்? சரி... உள்ள கூப்பிடறாங்க, வரேன்.

தையல்காரி: அன்னைக்கு மழைன்னு... நாம ஞாயிறு சாயங்காலம் வழக்கமாப் போற பார்க்குக்குப் போகல.

பஸ் டிரைவர்: ம்.

தையல்காரி: வீட்டுக்குப் போயாவது முழுங்கியிருக்கலாம்ல?

பஸ் டிரைவர்: உங்களோட பேசிட்டுப் போனா வேற எதுங்க ஞாபகம் இருக்கு? உங்க முன்னாடி டப்பாவத் தொறக்கவும் பயம். தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு... இப்ப சொல்லிட்டேன். உங்க பெரியம்மா காத்திருப்பாங்க, கிளம்புங்க.

தையல்காரி: எனக்குப் பெரியம்மாவே கிடையாதுங்க. ஞாயித்துக்கிழமை உங்க டப்பாவையும் எடுத்துட்டு வாங்க, தண்ணி நான் கொண்டு வரேன்.